உன் கிளினிக்கை மூடிவிட்டேன், மச்சான்

சேசு மரி சூசை

மாத்தளை
6.11.1997

அன்பும் பட்சமும் குறையாத மச்சான் நோபர்ட் அவர்களுக்கு,

உங்கள் தங்கை டொறீனைக் கைப்பிடித்த கிறிஸ்தோபர் எழுதிக்கொள்ளும் கடிதம். அந்தோனியார் புண்ணியத்தில் இங்கே நாங்கள் இருவரும் எழும்பி நடமாடுகிறோம். கூடலூரில் உங்கள் குடும்பமும் அப்படியே இருக்க வேண்டும் என்று டொறீன் தினமும் மன்றாடுகிறாள். நானும் மன்றாடுகிறவன்தான். ஆனால் உங்கள் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து உங்கள் சுகத்தை விசாரிப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். ஆகவே விசாரிக்காமலே விசயத்துக்கு வருகிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி நீ, வா, போ தான்.

வேளாங்கண்ணித் திருநாளுக்குப் போய் வந்த நம் பங்கு ஆட்கள் உன் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார்கள். நான் அதைப் பிரித்துச் சத்தமாக வாசித்தேன். டொறீன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நீ என்ன எழுதியிருந்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு ஒரு சொல் விடாமல் இருக்கிறது. "மச்சான், மாத்திரை அனுப்புவதை நிறுத்திவிடு. நீ இத்தனை வருசம் அனுப்பியதில் ஒன்றைக்கூட நான் விழுங்கவில்லை. ஒரு வருசம் வெள்ளை, ஒரு வருசம் ரோஸ், ஒரு வருசம் மஞ்சள். பார்க்கவே பயமாக இருந்தது. இங்கேயும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரை தருகிறார்கள், அதைத்தான் சாப்பிடுகிறேன். நீ மனவருத்தப்படுவாய் என்று சொல்லவில்லை. உன்னுடையது எல்லாம் பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கிறது. அதுசரி, இவ்வளவு மருந்தை அங்கே யார் சும்மா தருவான்? களவு மருந்து இல்லையே?" இதை நான் வாசித்து முடித்ததும் டொறீன் வெங்காயக் கண்ணீரோடு சிரித்தாள். "பாத்தீங்களா எங்க அண்ணன? ஒங்களவிட புத்தி இருக்கு" என்றாள். புத்தி யாருக்கு இருக்கிறது என்பதை நீயே முடிவுசெய், ஆனால் களவு மருந்தா என்று கேட்டதற்கு நான் பதில் எழுதாமல் விடப்போவதில்லை.

நம் தோட்டத்து டிஸ்பென்சரியை நீ மறந்துவிட்டாய். நான் மறக்கவில்லை. பச்சைக் கதவு, கதவுக்கு வெளியே நாம், உள்ளே டிஸ்பென்சர் ஐயா, அவருக்குப் பின்னால் தட்டில் ரோஸ் நிற மருந்து நிரம்பிய ஒரு பெரிய ஜாடி. வயிற்றுவலிக்கும் அதே மருந்து, இருமலுக்கும் அதே மருந்து, வேலைக்குப் போக மனமில்லாதவனுக்கும் அதே மருந்து. மழைநாளில் கொக்கோ ஸ்டோரிலிருந்து புளிச்ச வாசம் வரும், அதோடு இந்த மருந்தின் ஓம வாசமும் கலந்துவிடும். இன்றைக்கும் யாராவது ஓமம் வறுத்தால் எனக்கு இருமல் வந்துவிடுகிறது. போத்தல் கொண்டுபோனவனுக்கு மருந்து, போத்தல் இல்லாதவனுக்கு ஏச்சு. லயத்து வீடுகளில் இருந்த போத்தல் எல்லாம் மண்ணெண்ணெய்க்குப் போயிருந்தது. துரை பங்களாக் குசினியில் வேலை செய்த உன் சின்னம்மா மடியில் மறைத்துக் கொண்டுவந்து தந்தாரே, அந்தச் சதுரப் போத்தல், அது ஒன்றுதான் உனக்கும் எனக்கும். ஐயா ஒரு காகிதத்தை மரம் அறுக்கும் வாள் பல் மாதிரி வெட்டிப் பக்கத்தில் ஒட்டுவார், ஒரு பல்லுக்கு ஒரு வேளை. மேல்பாதி உனக்கு, கீழ்ப்பாதி எனக்கு. உனக்குப் பேதி, எனக்குத் தடிமன். இரண்டு பேரும் சுகமானோம். ஆனால் குலுக்கிக் குடிக்கும்படி ஐயா சொன்னதை நீ ஒரு நாளும் செய்யவில்லை. அதனால் அடியில் தங்கும் கசடு முழுவதும் என் பங்குக்கு வந்தது. இதைப் பற்றி இவ்வளவு காலமும் நான் வாய் திறக்கவில்லை. இன்றைக்குத் திறந்துவிட்டேன். இந்தியாவுக்குப் போகும்போது அந்தப் போத்தலையும் நீயே கொண்டுபோனாய், அதையும் இத்துடன் சேர்த்துக்கொள்.

இப்போது மாத்திரை ஏன் நிறம் மாறுகிறது என்று கேட்டாயே, கேட்டுக்கொள். எழுபதுகளின் தொடக்கத்தில், நீ இங்கே இருக்கும்போதே, மருந்து வாங்குவதற்கென்று அரசாங்கம் ஒரு கூட்டுத்தாபனம் வைத்தது. ஒரே மருந்தைப் பத்துக் கம்பனி பத்துப் பெயரில் விற்கும். அரசாங்கம் கம்பனிப் பெயரைத் தள்ளிவிட்டு, மருந்தின் சொந்தப் பெயரைச் சொல்லி, உலகம் முழுவதும் விலை கேட்கும். தரமும் சரியாக இருந்து விலையும் குறைத்துத் தருகிறவனிடம் வாங்கும். இந்த வருசம் வாங்கியவன் வெள்ளையாகச் செய்வான், அடுத்த வருசம் வேறொரு தேசத்துக்காரன் ரோஸாகச் செய்வான். சட்டைதான் வேறு, ஆள் ஒன்று. இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை, பத்திரிகை படித்தும் டாக்டர்மாரை மறித்துக் கேட்டும் நானே தெரிந்துகொண்டது. எழுபத்தேழுக்குப் பிறகு வெளிச் சாமானுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டார்கள், கடைகளில் கம்பனிப் பெயர்களும் திரும்பி வந்தன. ஆனாலும் ஆஸ்பத்திரி ஜன்னலில் இன்றைக்கும் மருந்துக்குச் சொந்தப் பெயர்தான். பிரஷர்காரனுக்கு மாதம் ஒருநாள் கிளினிக். விடியும்போதே போய் நம்பர் துண்டு எடுக்க வேண்டும், பெஞ்சில் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து போக வேண்டும், டாக்டர் பிரஷர் பார்த்துக் கொப்பியில் எழுதுவார், கொப்பியை மருந்து ஜன்னலில் நீட்டினால் அடுத்த கிளினிக் வரைக்கும் கணக்காக மாத்திரை எண்ணிக் காகித உறையில் போட்டுத் தருவார்கள். ஒரு சதம் கேட்கமாட்டார்கள். மருந்து தீர்ந்துபோயிருந்தால் வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தருவார்கள். அதற்கும் டவுனில் அரசாங்கத்து மருந்துக்கடை இருக்கிறது. நோயாளி நேரில் வரவேண்டும், ஒரு ஆளுக்கு ஒரு கிளினிக், அவ்வளவுதான் சட்டம். இதில் களவு எங்கே வருகிறது?

ஒரு ஆளுக்கு ஒரு கிளினிக் என்று எழுதினேன் அல்லவா, அங்கேதான் நீ வருகிறாய்.

சில வருசங்களுக்கு முன்பு நான் காய்ந்த மிளகாய் வாங்கக் கலேவெலச் சந்தைக்குப் போனேன். லொறி ஓட்டிய காலத்தில் பழகிய வழி, ஓய்வு பெற்ற பிறகும் கால் அங்கேதான் போகிறது. வெயிலில் தலை சுற்றி விழுந்துவிட்டேன். யாரோ தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் போட்டார்கள். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதமாட்டேன், இந்தக் காலத்தில் கடிதத்தை யார் யாரோ பிரிக்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் கிடந்தவன், "ஒங்களுக்கு டவுன்ல கிளினிக் இருக்குன்னு சொல்லிராதீங்க, அங்கயே போன்னு வெரட்டிருவாங்க" என்று பயமுறுத்தினான். அந்த நேரம் பார்த்து நர்ஸ் மிஸ்ஸி வந்து பெயர் கேட்டாள். மயக்கத்தில் கிடக்கும் மனுசனுக்கு எந்தப் பெயர் வாயில் வரும்? உன் பெயர் வந்துவிட்டது. கொப்பி போட்டார்கள், மாத்திரை தந்தார்கள், அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், எனக்கு டவுன் கிளினிக் மாத்திரை இருக்கிறது, இது மிச்சம். அந்தக் கிழமை முடிவதற்குள் உன் கடிதம். கூடலூரில் உனக்குப் பிரஷர் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரி தூரம், கடையில் மாத்திரை விலை அதிகம் என்று அழுதிருந்தாய். இதைத் தேவசித்தம் என்று சொல்லாமல் என்னவென்று சொல்வது? அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை பஸ் ஏறி நோபர்ட்டாகப் போய் வருகிறேன். சேர்த்துவைத்து வருசத்துக்கு ஒருமுறை வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன், நீ அங்கே வந்து வாங்கிக்கொள்கிறாய்.

டொறீன் இதைப் பாவம் என்கிறாள். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொல்லச் சொல்கிறாள். பாவம் இல்லாததைப் பாவம் என்று சொல்வது பொய், பொய்தான் பாவம் என்று நான் சொல்லிவிட்டேன். இந்த நாட்டு மலையில் நீ வெட்டாத தண்ணீர்க் கானா இல்லை, செடிக்குக் கவ்வாத்து வெட்டாத மலை இல்லை. மழையில் நனைந்தாய், அட்டைக்கு ரத்தம் கொடுத்தாய். உடம்பை இங்கே தேய்த்துவிட்டு வயசானபோது நோயை மட்டும் அங்கே கொண்டுபோனவன் நீ. அந்த நோய்க்கு மருந்து இந்த அரசாங்கம்தான் தர வேண்டும். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

ஆனால் உன்னால் நான் பட்டதைக் கேள். பெயர் உன்னுடையது என்றால் வரலாறும் உன்னுடையதாகத்தானே இருக்க வேண்டும்? பொய் சொல்லி மருந்து வாங்குகிறவன் நான் இல்லை. ஆகவே டாக்டர் கேட்டதற்கெல்லாம் உன் உண்மையைச் சொன்னேன். அப்பாவுக்கு என்ன வருத்தம் இருந்தது? நெஞ்சு வருத்தம். சாராயம்? தீபாவளிக்கும் மார்கழி நத்தாருக்கும் மட்டும். புகைப்பழக்கம்? சுருட்டு. அன்றைக்குத் தொடங்கியது. அந்த டாக்டர் நோனா சின்ன வயசுப் பிள்ளை, நல்ல பிள்ளை, ஆனால் வாய் நீளம். மாதாமாதம் முழுப் பெஞ்சும் கேட்கச் சிங்களத்தில் ஏசுவாள். "நோபட் மாத்தயா, இன்னும் சுருட்டு விடவில்லையா? நெஞ்சு என்ன இரும்பால் செய்ததா?" என்பாள். நான் என் வாழ்நாளில் சுருட்டைத் தொட்டதில்லை, உனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். ஒரு தடவை அவளுக்கு இரக்கம் வந்து, என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, "பல்லில் கறையே இல்லையே, குறைத்துவிட்டீர்கள் போல" என்று மெச்சினாள். என் பல்லுக்குப் பாராட்டு உனக்கு.

இன்னொரு அநியாயம். டவுன் கிளினிக்கில் எனக்குப் பிரஷர் எப்போதும் கூடத்தான் இருக்கும். காரணம் அங்கே என் இடத்தில் வந்து உட்காரும் ஜைனுதீன், கருவாட்டு வியாபாரி, உனக்குத் தெரிந்திருக்காது. நான் தண்ணீர் குடிக்க எழும்பினால் அவன் என் இடத்துக்கு நகர்ந்துவிடுவான். கேட்டால், "வரிசை நகருற நேரம் நானும் நகரத்தானே வேணும், நீங்க எழும்பினது என்ட குத்தமா?" என்பான். அவனோடு வாய் கொடுத்துவிட்டு உள்ளே போனால் டாக்டர் தலையில் அடித்துக்கொள்கிறார். அதே நான் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாகக் காற்று வாங்கிக்கொண்டு போய், ஒருவரோடும் சண்டை இல்லாமல் நோபர்ட்டாக உட்கார்ந்தால் பிரஷர் இளந்தாரிக்கு இருப்பது போல் இருக்கிறது. ஒரே உடம்பு, ஒரே நெஞ்சு, உனக்குச் சுகம், எனக்குச் சுகமில்லை. "நோபட் மாத்தயாவைப் பாருங்கள், ஒழுங்காக மருந்து எடுக்கிறார்" என்று மற்ற நோயாளிகளுக்கு உன்னைக் காட்டுகிறார்கள். பிஸ்கட் டின்னில் போட்டு வைத்த நோபட் மாத்தயாவை!

இனி ஆவணி மாதத்துச் சம்பவத்துக்கு வருகிறேன், அதை முழுதாக எழுதினால்தான் நீ செய்த வேலை உனக்கு விளங்கும். கால் வீங்குகிறது என்று முந்திய கடிதத்தில் எழுதியிருந்தாய். அது மாத்திரையால் வரலாம் என்று எனக்குத் தெரியும், டாக்டரிடம் கேட்டு எழுத வேண்டும் என்று நினைத்தேன். அன்றைக்குக் கிளினிக்கில் கால் வீக்கம் என்று சொன்னேன். டாக்டர் நோனா குனிந்து என் காலை அமுக்கிப் பார்த்தாள். "வீக்கம் இல்லையே" என்றாள். இருக்கிறது என்றேன். மற்றக் காலை அமுக்கினாள். "எங்கே வீக்கம், காட்டுங்கள்" என்றாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "இங்க இல்லைங்க டாக்டர், கூடலூர்ல" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அவள் மெதுவாக, பிள்ளையிடம் கேட்பது மாதிரி, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள். நாட்டுக்கு யார் தலைவர் என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டையும் சொல்லமாட்டேன் என்றேன். அவள் ஒரு துண்டில் இங்கிலீசில் எழுதிக் கொப்பிக்குள் வைத்து, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னாள். நானே வாசித்தேன். வயோதிபர், ஞாபகக் குழப்பம், தான் இருக்கும் இடம் தெரியவில்லை, தயவுசெய்து பரிசோதிக்கவும்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜைனுதீன் கருவாட்டுச் சாக்கோடு ஏறினான். வேறு இடமில்லாமல் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். நான் மனம் பொறுக்காமல் அந்தத் துண்டை அவனிடமே காட்டி முறையிட்டேன். அவன் வாசித்துவிட்டு, "டாக்டர்மார் பொய் எழுத மாட்டாங்க" என்றான். அந்தக் கோபம் ஆறுவதற்குள் சோதனைச் சாவடி வந்துவிட்டது. எல்லாரையும் இறக்கினார்கள். என் சட்டைப் பையில் அடையாள அட்டை, அதில் கிறிஸ்தோபர். கைப்பையில் கொப்பி, அதில் நோபர்ட். ஒரு தமிழன், இரண்டு பெயர், ஒரு பை மாத்திரை. வடக்குக்கு மருந்து போகாமல் வழிநெடுக மறித்துக்கொண்டிருக்கும் காலத்தில் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என்ன தெரியும் என்று நான் உனக்கு எழுத வேண்டியதில்லை.

"யார் இந்த நோபட்?" என்று கேட்டான் சிப்பாய்.

"என் மச்சான்."

"எங்கே இருக்கிறான்?"

"இந்தியாவில்."

"இந்தியாவில் இருக்கிறவனுக்கு இன்றைக்குக் காலையில் இங்கே எப்படிப் பிரஷர் பார்த்தார்கள்?"

நியாயமான கேள்வி. மணல் மூட்டை அடுக்கிய குடிலுக்குள் உட்காரவைத்தார்கள். பஸ் புறப்படும் சத்தம் கேட்டது. மச்சான், இதுவரை சிரிப்பாக எழுதினேன், இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படி உள்ளே போய்த் திரும்பி வராதவர்களின் வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. டொறீன் முகாம் கேற்றடியில் நின்று எந்தப் பெயரைச் சொல்லி என்னைத் தேடுவாள் என்றுதான் நினைத்தேன். கிறிஸ்தோபர் என்றால் நோபர்ட்டைத்தான் பிடித்தோம் என்பார்கள். நோபர்ட் என்றால் அப்படி ஒரு ஆளே நாட்டில் இல்லை என்பார்கள்.

அப்போது வெளியே ஜைனுதீனின் குரல் கேட்டது. அவன் பஸ்ஸில் போகவில்லை. சாக்கையும் இறக்கிவைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். சிப்பாய்களின் பெரியவரிடம் சிங்களத்தில் பேசிவிட்டு, எனக்கும் உறைக்க வேண்டும் என்று தமிழிலும் சொன்னான். "சேர், இவரு கிறிஸ்தோபர். டவுன் கிளினிக்ல எனக்குப் பக்கத்து ஆள். மனுசன் நல்லவர், மண்டைதான் சொகமில்ல. சில நாளைக்குத் தான் யாருன்னே இவருக்கு வெளங்காது. டாக்டர் எழுதின துண்டு கொப்பிக்குள்ள ஈக்கி, பாருங்க."

அந்தப் பெரியவர் துண்டை எடுத்து வாசித்தார். முகம் மாறியது. தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். "சீயா, உங்கள் பெயர் என்ன?" என்று, தன் சொந்தத் தாத்தாவைக் கேட்பது மாதிரிக் கேட்டார். கிறிஸ்தோபர் என்றேன். "நிச்சயமா?" என்றார். நான் யோசித்தேன். நிச்சயம் என்றால் புத்தி சரியாக இருக்கிறது என்று ஆகிவிடும், புத்தி சரி என்றால் உள்ளே. "இன்னைக்கு கிறிஸ்தோபருங்க" என்றேன். விட்டுவிட்டார்கள். எழுபது வயசு வரைக்கும் என்னை ஒருவரும் மடையன் என்று சொன்னதில்லை. அன்றைக்குப் பைத்தியக்காரன் என்ற தகுதியில் விடுதலையானேன், அதுவும் ஜைனுதீன் தயவில். அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது அவன் கடையில் மூன்று தேத்தண்ணி சொன்னான். மூன்றாவது யாருக்கு என்று கேட்டேன். "ஒங்களுக்கொண்டு, எனக்கொண்டு, நோபட்டுக்கொண்டு" என்றான். உன்னுடையதையும் அவனே குடித்தான்.

வீட்டில் டொறீன் இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று அந்தோனியார் சுரூபத்தின் முன்னால் நிறுத்திச் சத்தியம் கேட்டாள். நான் சத்தியம் செய்யவில்லை. நோபர்ட்டுக்கு மருந்து வேண்டாமா என்று கேட்டேன். இப்படி உனக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பேசியவனுக்குத்தான், அடுத்த மாதம் உன் கடிதம் வந்தது. ஒன்றைக்கூட விழுங்கவில்லை. பார்க்கவே பயமாக இருந்தது. களவு மருந்தா?

சரி, முடித்துவிடலாம் என்று போன மாதம் கிளினிக் நாளில் கிளம்பினேன். நீ செத்துவிட்டாய் என்று எழுதவைத்து விடுவதுதான் திட்டம். உன் மேல் அவ்வளவு ஆத்திரம். அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது, அங்கே நோபர்ட் என்றால் நான். என் வாயால் நான் செத்தேன் என்று எப்படிச் சொல்வது? ஆகவே டாக்டர் நோனாவிடம், நான் இந்தியாவுக்கே போகிறேன், இனி வரமாட்டேன், கொப்பியை மூடிவிடுங்கள் என்றேன். அவள் பேனையைக் கீழே வைத்தாள். "எதற்கு?" என்றாள். சொந்தக்காரர் எல்லாம் அங்கே என்றேன். இந்தியாவில் உன்னைப் பார்க்கப்போகும் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தாள். அதில் சுருட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறாள், இத்துடன் வைத்திருக்கிறேன், வெட்கப்பட்டு வாசி.

வெளியே வந்தேன். அதற்குள் பெஞ்சு முழுவதும் தெரிந்துவிட்டது. இத்தனை வருசம் எனக்கு முன்னும் பின்னும் நகர்ந்த ஆட்கள். ஒருவருக்கும் என் சொந்தப் பெயர் தெரியாது, உன் பெயர்தான் தெரியும். வெங்காயப் பயிர் போடுகிற ஒரு கிழவர் எழும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பயறு விற்கிற அம்மா ஒருத்தி தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளிப் பையில் கட்டித் தந்தாள், வழியில் அவித்துத் தின்னவாம். வழக்கமாக நம்பர் கூப்பிடுகிற அந்தச் சிடுமூஞ்சி, ஜன்னலடியில் நின்று, "யன்ட எபா, நோபட் மாத்தயா" என்றான். போகாதீர்கள் என்றான். கிழவரும் அதையே சொன்னார். எபா, எபா என்று பெஞ்சு முழுவதும் சொன்னது.

அந்த நேரம் எனக்கு எழுபத்துநாலு ஞாபகம் வந்தது. மாத்தளை ஸ்டேசனில் தலைமன்னாருக்கு ரயில் ஏற நீங்கள் நின்றீர்கள். தகரப் பெட்டி, பாய்ச் சுருள், உன் பெட்டி மூலையில் துணி சுற்றி அந்தச் சதுரப் போத்தல். கட்டிப்பிடித்து அழாதவர்கள் இல்லை. போய்க் கடிதம் போடு என்றார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்றார்கள். போகாதே என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகும்? தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டாயிற்று, உன் பாஸ்போட்டில் முத்திரையும் விழுந்தாயிற்று. ரயில் வளைவில் திரும்பும் வரைக்கும் நீ தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே போனாய். நீ எதை எதிர்பார்த்து அப்படிப் பார்த்தாய் என்று எனக்கு இத்தனை வருசமாக விளங்கவில்லை. போன மாதம் அந்தப் பெஞ்சடியில் விளங்கியது. சரி, பிந்தினாலும் பரவாயில்லை, கேட்டுக்கொள். இந்த நாட்டில் உன்னைப் போகாதே என்று சொன்னார்கள். உன் பெயரைச் சொல்லித்தான் சொன்னார்கள். நான் சாட்சி.

ஆகவே உன் கிளினிக் மூடப்பட்டது. இனி இந்தத் தீவில் ஒரு இடத்திலும் உன் பெயரைக் கூப்பிடமாட்டார்கள், அது நீயாகத் தேடிக்கொண்டது. பிஸ்கட் டின்னில் இருக்கும் மாத்திரைகளைப் பிள்ளைகள் கையில் படாமல் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்துவிடு, பழைய மருந்து விசம். சதுரப் போத்தலை அடுத்த வருசம் வேளாங்கண்ணிக்கு வருகிறவர்கள் கையில் திருப்பி அனுப்பு. அது எனக்கும் பாத்தியதை உள்ளது.

உன் வீட்டு அக்காவுக்கு எங்கள் ஸ்தோத்திரம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் டொறீன் அத்தையின் முத்தம். சகல அர்ச்சிஷ்டவர்களும் உங்கள் வீட்டு வாசலைக் காப்பார்களாக. உனக்கு மட்டும் தனியாக ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
மனம் நொந்த மச்சான்,
கிறிஸ்தோபர்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்துக்கு முத்திரை வாங்கப் போகாமல் நாள் கடந்துவிட்டது. இடையில் டொறீன் அலுமாரியில் அந்தப் பயறுப் பையைக் கண்டு, யார் தந்தார்கள் என்று கேட்டாள். நோபர்ட்டுக்குத் தந்தார்கள் என்றேன். நடந்ததைச் சொன்னேன். "அப்ப அண்ணன் ரெண்டாந்தரமும் போயிட்டாரா?" என்று கேட்டுவிட்டுப் பயறுப் பையைத் திரும்ப அலுமாரியிலேயே வைத்தாள். கிளினிக் நாள் விடிய எழும்பிப் பார்க்கிறேன், என் வெள்ளைச் சட்டை அயன் பண்ணிக் கதிரையில் கிடக்கிறது, சோற்றுப் பார்சலும் இருக்கிறது. "கொப்பிய பஸ்ல கொண்டாராதீங்க, அங்கயே குடுத்து வச்சிருங்க. மாத்திரையும் வேணாம், இல்லாதப்பட்ட ஆளுக்கு இருக்கட்டும்" என்றாள். ஆகவே போன செவ்வாய்க்கிழமை நீ திரும்பி வந்துவிட்டாய். இந்தியா எப்படி என்று பெஞ்சில் எல்லாரும் கேட்டார்கள். சரிவரவில்லை என்றேன். மாத்திரை அங்கிருந்தே கொண்டுவந்தேன், பெயரை மட்டும் கூப்பிடுங்கள் என்றேன். அந்தச் சிடுமூஞ்சி முழு ஆஸ்பத்திரிக்கும் கேட்கும்படி கூப்பிட்டான். போத்தலை அனுப்ப வேண்டாம், வழியில் உடைந்துவிடும். சுருட்டை விட்டுவிட்டாய் என்று டாக்டர் நோனாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன், மரியாதையாக விட்டுவிடு. கால் வீக்கம் எப்படி இருக்கிறது என்று உடனே எழுது, அடுத்த மாதம் கேட்பாள். பிரஷர் மட்டும் இந்தத் தடவை உனக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது. பயப்பட வேண்டாம், பிரயாணக் களைப்புத்தான் என்று சொன்னாள்.